ஐம்பது நிமிஷ மதுரை

"சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?" என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் சொல்கிறவர் அநேகமாக ஒருத்தர்கூட இருக்க மாட்டார். "நைட் பஸ் ஏறினா காலைல மாட்டுத்தாவணி" என்பார் ஒருவர். "வைகைல மத்தியானம் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம் ஸார்!" என்பார்.

இந்த வாரம் நமக்கு வேண்டியவர் அந்த மூன்றாவது ஆசாமிதான்.

அவர் என் நண்பர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். வீடும் அம்பத்தூரிலேயே. அப்பா அம்மா மதுரை ஆரப்பாளையத்தில். அண்ணன் ஒருவர் டில்லியில் மத்திய அரசு உத்தியோகம். "அண்ணன் பாவம், ரொம்ப தூரத்துல இருக்கான். நான் பரவாயில்ல, பக்கத்துல இருக்கேன். அவசரம்னா ஒரு மணி நேரம்" என்பது நண்பரின் நிரந்தர வசனம்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் ஆடிட் செய்து பார்ப்போமே என்று தோன்றியது. பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி காரியங்களாவது செய்யவேண்டாமா?

*

முதலில் தூரம். அட்லாஸை எடுத்து இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் சுமார் 420 கிலோமீட்டர். ரோடு வழியாகப் போனால் 460 சொச்சம். ரயில் பாதை 500-க்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டுக்காரர் திருச்சியைத் தாண்டியதும் துவரங்குறிச்சி, மேலூர் என்று குறுக்கே விழுந்து வந்துவிடுகிறார். ரயில்காரர் திண்டுக்கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். எல்லா ஊரிலும் நாலு பேரை ஏற்றி இறக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது. விமானத்துக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. விழுப்புரத்துக்காரர் வீட்டு மொட்டைமாடி மேலேயே பறந்தாலும் நின்று கேட்காது.

420 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அப்படியானால் அரை மணிதானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஏன் ஒன்றே கால், ஒன்றரை மணி என்று போட்டிருக்கிறது?

ஏனென்றால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. நிற்கிற விமானத்தின் சக்கரம் உருண்டுவிடாமலிருக்க அடியில் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். மலைப்பாதையில் லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடி டயருக்குக் கீழே கல் வைப்பாரே, அதே சமாசாரம். சென்னையில் முட்டுக்கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து மதுரையில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நிமிஷம் வரைக்கும்தான் டிக்கெட் கணக்கு.

இந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். விமானத்தைப் பின்னால் தள்ள வேண்டும். அது ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே நாலு விமானம் நிற்கிறது. ரேஷன் கடை மாதிரி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். விமானம் கூடியவரை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். அதுதான் அதற்குத் தூக்கிவிடும் பலம். கடல் காற்று அடிக்கிற நேரமென்றால் கடலைப் பார்த்துக் கிளம்பியாக வேண்டும். மதுரை இருப்பதோ தென்மேற்கே! ஆக, மதுரைப் பிரயாணத்தின் முதல் சில நிமிஷங்களில் நாம் மதுரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருப்போம். இது தவிர, வழியில் சுணக்கம் வந்தால் சமாளிக்கவென்று கம்பெனிக்காரர்கள் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிஷத்தையும் டைம் டேபிளிலேயே செருகிவைத்திருப்பார்கள். ஒரு சுணக்கமும் இல்லாத நாளில்தான், "குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்தோம்" என்று ஸ்பீக்கரில் பெருமையாகச் சொல்வது. பரீட்சைக்கு மூன்று மணி நேரம் வாங்கிக்கொண்டு இரண்டரை மணியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வரும் முதல் பெஞ்ச் பையன் மாதிரி.

எல்லாம் போக, நிஜமாக ஆகாயத்தில் மதுரையை நோக்கிப் பறப்பது ஏறக்குறைய ஐம்பது நிமிஷம்.

இந்த மார்க்கத்தில் ஏ.டி.ஆர். என்கிற சின்ன விமானமும் ஓடுகிறது. றெக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறி சுற்றும். நண்பர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, டேபிள் ஃபேன் வெச்சு ஓட்டறாங்க!" என்று பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை. அந்த விசிறியைச் சுற்றுவதும் உள்ளே இருக்கிற டர்பைன் எஞ்சின்தான். கிட்டத்து ஊர்களுக்கு அதுதான் எரிபொருள் சிக்கனம். வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஜெட்டைவிட மணிக்கு 300 குறைவாயிற்றே என்று பதறாதீர்கள். ஏறி முடித்து இறங்க ஆரம்பிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிற இந்த தூரத்தில், வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிஷம்தான்.

*

இப்போது நண்பரை அம்பத்தூர் வீட்டு வாசலிலிருந்து ஆரப்பாளையம் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப்போய், பேரேடு எழுதுவோம்.

அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம், டிராஃபிக்குக்கு நடுவே: 1 மணி 15 நிமிஷம். பெரும்பாலும் செக்-இன் கவுண்ட்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். கியூ, பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை எடு, கையைத் தூக்கு எல்லாவற்றுக்குமாக முன்னதாகப் போய் நிற்பது: 1 மணி 30 நிமிஷம். டிக்கெட்டில் போட்டிருப்பது: 1 மணி 20 நிமிஷம். இறங்கி, பெட்டி வருகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது: 25 நிமிஷம். மதுரை ஏர்போர்ட் ஊருக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம். அங்கிருந்து ஆரப்பாளையம்: 40 நிமிஷம்.

ஆக மொத்தம் 5 மணி 10 நிமிஷம்.

420 கிலோமீட்டரை 5 மணி 10 நிமிஷத்தால் வகுத்தால் மணிக்கு 81 கிலோமீட்டர். ஆகாயத்தில் பறந்து, ஏர் ஹோஸ்டஸிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, மேகத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிய நம் ஆளின் நிஜமான வேகம், நாற்கர சாலையில் குடும்பத்தோடு போகிற ஒரு சுமாரான காரின் வேகம்!

அதே நாள் ரயிலில் போனால்? அம்பத்தூரிலிருந்து எழும்பூர் 50 நிமிஷம். இருபது நிமிஷம் முன்னதாகப் போனால் போதும். பெல்ட்டைக் கழற்றச் சொல்ல யாருமில்லை. வந்தே பாரத்தில் மதுரைக்குச் சுமார் ஐந்தே முக்கால் மணி நேரம். மதுரை ஜங்ஷன் ஊருக்கு நடுவிலேயே இருப்பதால் வீட்டுக்கு 15 நிமிஷம். மொத்தம் 7 மணி 10 நிமிஷம். 1977 ஆகஸ்ட் 15-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நம் வைகை எக்ஸ்பிரஸ் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பெரியவர், பொறுத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் லாபம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன விலை கொடுக்கலாம்? நம்மைப்போல மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. சம்பளத்தை 200-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி. 30,000 ரூபாய் சம்பளமென்றால் உங்களுடைய ஒரு மணி நேரத்தின் மதிப்பு 150 ரூபாய். இரண்டு மணிக்கு 300. விமான டிக்கெட்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் வித்தியாசம் 300 ரூபாய்க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள். அதற்கு மேலென்றால் கண்ணைத் திறந்துகொண்டு ஏறுங்கள். பொங்கல், தீபாவளி சமயத்து டிக்கெட் விலையைப் பார்த்தால் கண் தானாகவே திறந்துவிடும்.

*

காலேஜில் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் ஒரு டீக்கடை உதாரணம் சொல்வார். கடை வாடகை என்பது நிலைச் செலவு. நூறு டீ போட்டாலும் ஐநூறு டீ போட்டாலும் அதே வாடகைதான். பாலும் சர்க்கரையும் மாறும் செலவு. நூறு டீயோடு கடையை மூடினால் வாடகையே ஆளை விழுங்கிவிடும். ஐநூறு டீ விற்றால் வாடகை ஒவ்வொரு கிளாஸிலும் கரைந்து காணாமல் போய்விடும்.

விமானப் பிரயாணம் அப்படியே இதுதான். ஏர்போர்ட் போவது, காத்திருப்பது, பெட்டி எடுப்பது, வீடு சேருவது எல்லாம் வாடகை. நண்பருக்கு அது 3 மணி 50 நிமிஷம். மதுரைக்குப் போனாலும் அதே வாடகை, டில்லிக்குப் போனாலும் ஏறக்குறைய அதே வாடகை. பறப்பதுதான் பாலும் சர்க்கரையும்.

டில்லிக்குக் கணக்குப் போடுங்கள். நேர்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். டிக்கெட்டில் 2 மணி 50 நிமிஷம். வாடகை 3 மணி 50 நிமிஷம். மொத்தம் 6 மணி 40 நிமிஷம். டில்லி ஏர்போர்ட் பெரிசு, நடக்க வேண்டும் என்றால் ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கொள்ளுங்கள். அதே ஊருக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2,180 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு சுமார் 33 மணி நேரத்தில் போகிறது. இங்கே விமானத்துக்கு லாபம் ஒரு நாளுக்கும் மேலே! டீக்கடையில் ஐநூறு டீ விற்றாயிற்று.

இப்போது இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அம்பத்தூரிலிருந்து மதுரை வீடு 5 மணி 10 நிமிஷம். அம்பத்தூரிலிருந்து டில்லி வீடு 6 மணி 40 நிமிஷம். தூரம் நாலு மடங்குக்கும் மேலே. நேரமோ ஒன்றே கால் மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. "பக்கத்தில்" இருக்கிற மதுரைக்கும் "ரொம்ப தூரத்தில்" இருக்கிற டில்லிக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். ஒரு தமிழ் சினிமா இடைவேளை கடந்து கொஞ்ச நேரம் பார்க்கிற நேரம்!

மதுரையைக் கிட்டே கொண்டுவர வேண்டுமானால் இன்னும் வேகமான விமானம் வாங்கிப் பிரயோஜனமில்லை. வாடகையைக் குறைக்க வேண்டும். 2016-ல் மெட்ரோ ரயில் ஏர்போர்ட் வரைக்கும் வந்தபோது, கோயம்பேட்டுக்காரர்களுக்கு மதுரை மட்டுமில்லை, மும்பை, டில்லி, சிங்கப்பூர் எல்லாமே ஒரே நாளில் கொஞ்சம் கிட்டே வந்தன. விமானத்தில் ஒரு போல்ட்கூட யாரும் மாற்றவில்லை. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தென்மாவட்டத்துப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே குடிபெயர்ந்தன. பஸ்ஸுக்கு மதுரை கிட்டே வந்துவிட்டது. அம்பத்தூர்க்காரருக்கு பஸ் தூரப்போய்விட்டது.

*

இதெல்லாம் சும்மா கணக்குப் புலி வேலை என்று நினைப்பீர்கள். நண்பருக்கு நடந்ததைச் சொன்னால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

ஒரு ஆகஸ்ட் மாதம், ராத்திரி 11 மணிக்கு ஆரப்பாளையத்திலிருந்து போன். அப்பா பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "அவசரம்னா ஒரு மணி நேரம்" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அவசரம் வந்தேவிட்டது.

அந்த நேரத்துக்குக் கிளம்பக்கூடிய விமானம் ஒன்றுமில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. காலை முதல் விமானத்துக்குக் காத்திருந்தால் வீடு சேர எட்டு மணி தாண்டும். கிளாம்பாக்கம் போய்க் கிடைத்த பஸ்ஸில் ஏறினாலும் ஏறக்குறைய அதே எட்டு மணிதான். ஐம்பது நிமிஷ மதுரை அந்த ராத்திரி ஒன்பது மணி நேர மதுரை.

நண்பர் பஸ்ஸில்தான் போனார். "கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான். ஆனா விடியறவரைக்கும் வீட்ல செவுத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியாதுப்பா. பஸ்ல இருந்தா, செங்கல்பட்டு, திண்டிவனம்னு ஏதோ குறைஞ்சுக்கிட்டே வருதுல்ல?" என்றார். இதற்கு என்னிடம் ஃபார்முலா இல்லை. ஆனால் அவர் செய்தது சரி.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். நல்ல வேளை, அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லிக்குச் சர்க்கரை கேட்டு நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணன், டில்லியில் அதிகாலை விமானம் பிடித்து, சென்னையில் மாறி, மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு வந்துவிட்டார். "ரொம்ப தூரத்துல" இருக்கிற அண்ணனுக்கும் "பக்கத்துல" இருக்கிற தம்பிக்கும் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம்.

அன்றைக்குச் சாயந்திரம் அம்மா, கோபமேயில்லாமல், காப்பி ஆற்றிக்கொண்டே ஒன்று சொன்னாராம்.

"டெல்லிக்காரன் இந்த வருஷம் மூணாவது வாட்டி வந்துட்டான். பக்கத்துல இருக்குற நீ, பொங்கலுக்கு அப்புறம் இப்பத்தான்யா வர்ற."

விஷயம் இதுதான். அண்ணனுக்குத் தான் தூரத்தில் இருப்பது தெரியும். அதனால் மூன்று மாதம் முன்னாலேயே லீவு எழுதிக்கொடுத்து, டிக்கெட் போட்டு, வந்துவிடுகிறார். தம்பிக்கு ஒரு மணி நேரம்தானே. இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம், இயர் எண்டிங் முடியட்டும், ஆடிட் முடியட்டும், ஐ.பி.எல். முடியட்டும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற ஊருக்குத்தான் நாம் போகவே மாட்டோம். டிக்கெட்டில் அச்சடித்திருக்கிற அந்த 1 மணி 20 நிமிஷம் கம்பெனிக்காரர்கள் சொன்ன பொய் அல்ல. அவர்கள் முட்டுக்கட்டைக் கணக்கை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்து வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டது நாம்.

அப்பா அம்மா வைத்திருக்கிற கணக்கில் கிலோமீட்டரும் கிடையாது, நிமிஷமும் கிடையாது. "வந்துட்டுப் போயி எத்தனை நாளாச்சு?" அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நண்பர் ஏழு மாத தூரத்தில் இருந்தார்.

*

ஆகவே ஆபீஸ் அன்பர்களே, ஊர் மதுரையோ, கோவையோ, தூத்துக்குடியோ, மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: உங்கள் வாசலிலிருந்து ஊர் வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று நிஜக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு: ராத்திரி 11 மணிக்குப் போன் வந்தால் எதில் ஏறுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, பஸ் எங்கிருந்து என்பதையெல்லாம் அந்த ராத்திரியில், கை நடுங்கிக்கொண்டு தேடக் கூடாது. மூன்று: அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒரு வெள்ளிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிடுங்கள். வெயிட்டிங் லிஸ்ட் என்றாலும் பரவாயில்லை. போட்டுவிட்டால் போவீர்கள்.

ரயிலில் இன்னொரு சௌகரியமும் உண்டு. விமானத்தில் பெரும்பாலும் கையில் 7 கிலோ, உள்ளே போடுவது 15 கிலோ என்று எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கிற பையை எந்தத் தராசும் தாங்காது. நண்பர் போன மாதம் போய்விட்டு வந்தார். இட்லிப் பொடி, வடகம், எலுமிச்சை ஊறுகாய், அரை மூட்டை பொன்னி அரிசி.

"மெட்ராஸ்ல அரிசி கிடைக்காதாம்மா?" என்று கேட்டாராம்.

"கிடைக்கும்யா. ரயில்லதானே போற, பேசாம தூக்கிட்டுப் போ" என்று பதில் வந்ததாம்.